எதிரே வைத்த குழாய்

“உன் உடம்புல ஓடுறது ரத்தமா, தண்ணியா?” என்று ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே சார் அவளைக் கேட்டார். அவ்வளவு மந்தமாம் அவள்.

ஆராய்ச்சிக்கு எடுத்த ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரத்தில் ஒவ்வொரு குழாய்க்கும் எதிரே சம எடையில் இன்னொன்று இருக்கவேண்டும். ஒன்று குறைந்தால் தண்ணீர் நிரப்பிய குழாயை வைப்பார்கள். இன்றும் அப்படித்தான் வைத்தாள். திறந்தபோது தண்ணீர்க் குழாயின் அடியில் சிவப்பும் மேலே மஞ்சளுமாகப் பிரிந்து நின்றது.

“எவனோட ரத்தத்த மாத்தி வச்ச? இன்னிக்கே சீட்டக் கிழிச்சிடுவேன்.”

“தண்ணிதான் சார் ஊத்தினேன்.”

“என் காதுல பூ சுத்துறியா? தள்ளு.”

சாரே புதுக் குழாயில் தண்ணீர் பிடித்து வைத்து ஓடவிட்டு, இயந்திரத்தின் மேல் கையை ஊன்றி நின்றார். வேலை போனால் அண்ணி முகத்தில் எப்படி விழிப்பது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் நின்றது. அந்தக் குழாயும் சிவந்திருந்தது. தொட்டால் இளஞ்சூடாக இருந்தது.

“இது ரத்தமா, தண்ணியா சார்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

சாரின் வெள்ளைக் கோட்டில், ஊசி குத்தும் முழங்கை மடிப்பில், சிவப்பாக ஈரம் பரவிக்கொண்டிருந்தது. அந்த இடத்தை மறு கையால் அழுத்திப் பிடித்தபடி அவர் வெளியே போனார்.