உயிரோடு இருப்பவருக்கு அனுப்பக் கூடாது

மலர்வளையத்தைக் கொண்டுபோனேன். செத்தவரே வந்து கதவைத் திறந்தார்.

பெயர் ஆர்ஹெமிரோ. மரியாதைக்குத் தோன் ஆர்ஹெமிரோ. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். கதவைச் சாத்திய பிறகுதான் ரிப்பனைப் படித்திருக்கிறார். 'ஆர்ஹெமிரோவின் ஆன்மா சாந்தியடையட்டும்.'

மறுநாள் காலை வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

எங்கள் மெதெயின் நகரில் பூக்கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் போனில் வரும் செய்திகளைக் கவனிக்க ஏஐ வைத்திருப்பது எங்கள் தெருவில் நாங்கள் மட்டும்தான். முதலாளியம்மா தோன்யா நோஹெலியாவுக்கு அதில் ஏகப் பெருமை.

அதன் கையில் சில கருவிகள் உண்டு. பூங்கொத்து அனுப்ப ஒன்று, ஆர்டரை ரத்து செய்ய ஒன்று, மலர்வளையம் அனுப்ப ஒன்று. எது எதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் எழுதி வைக்க வேண்டும். அதைப் படித்துத்தான் எதை எடுப்பது என்று அது முடிவு செய்யும். எழுதுவது கடையில் வேலை பார்க்கும் சின்னப் பெண் யுரானியின் பொறுப்பு. வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

மலர்வளையத்துக்கு இருந்த விளக்கம் ஒரே வரி. 'வருத்தத்தில் இருப்பவர்களுக்கு அனுப்பவும்.'

தோன் ஆர்ஹெமிரோ வாங்கிய பூ இரண்டே நாளில் வாடிவிட்டது. 'மிகவும் வருந்துகிறேன்' என்று புகார் எழுதினார். வளையம் கிளம்பிவிட்டது.

அவருக்கு மட்டுமில்லை. பரீட்சையில் கோட்டை விட்ட ஒரு பெண்ணுக்குப் போயிருக்கிறது. தோற்றுப்போன பந்தாட்டக் குழுவுக்கு ஆளுக்கொன்று போயிருக்கிறது. கோல்கீப்பர் கூடுதலாக வருந்தியிருந்தார். அவருக்குப் பெரியது.

தோன் ஆர்ஹெமிரோ வீட்டில் வளையத்தைப் பார்த்ததும் அக்கம்பக்கத்தார் நாற்காலியோடு வந்துவிட்டார்களாம். மச்சினி கறுப்பு உடுத்திவிட்டாளாம். இறந்தவருக்காகச் சொல்லும் ஒன்பது நாள் ஜெபத்தில் முதல் நாள் முடிந்துவிட்டதாம். வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தது இவர்.

"நான் இருக்கேனேன்னு சொன்னேன். ஆரம்பிச்ச ஜெபத்தப் பாதியில விடக்கூடாதுங்கறா மச்சினி. உங்க ஆன்மாவுக்குத்தானே, நீங்களும் வந்து முழங்கால் போடுங்கங்கறா."

கடையில் யாரும் சிரிக்கவில்லை. நான் வெளியே போய் வேனுக்குப் பின்னால் நின்று சிரித்துவிட்டு வந்தேன்.

அவருக்குப் பணம் வேண்டாம், வேறு பூவும் வேண்டாம். அந்த ஒற்றை வரிக்குக் காரணமானவர் சாயங்கால ஜெபத்துக்கு வந்து, ஊர் முன்னால் நின்று, 'இவர் சாகவில்லை, தப்பு என்னுடையது' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"மெஷின் மேல தப்பே இல்ல. எழுதி வெச்சதத்தான் அது செய்யும்," என்றார் தோன்யா நோஹெலியா. "எழுதினது இந்தப் பொண்ணு. வந்து சொல்லுவா. சொல்லிட்டு நாளையிலேர்ந்து வீட்டுலயே இருப்பா."

யுரானி தலையைக் குனிந்து வளையத்தின் ரிப்பனைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வரிக்கு மேல் எழுதச் சோம்பல்.

போகும் முன் அதைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போ என்றார் முதலாளி. உட்கார்ந்தாள். யோசிக்கக்கூட இல்லை, மனப்பாடமாக இருந்ததுபோல மடமடவென்று அடித்தாள். முடித்துத் திரையைத் திருப்பினாள். தோன் ஆர்ஹெமிரோ உரக்கப் படித்தார்.

'இறந்தவர் வீட்டுக்கு மட்டும் அனுப்பவும். வருத்தம் வேறு, மரணம் வேறு. வாடிய பூவுக்காக வருந்துபவர் இறக்கவில்லை. ஆட்டத்தில் தோற்றவர் இறக்கவில்லை. முதலில் இறந்தவர் பெயரைக் கேட்கவும். செய்தி அனுப்பியவர் பெயரும் அதுவும் ஒன்றாக இருந்தால் நிறுத்தவும். புகார் எழுதுகிறவர் உயிரோடு இருக்கிறார். சந்தேகம் வந்தால் எதையும் அனுப்பாமல் கடையில் உள்ள மனிதர் ஒருவரைக் கேட்கவும்.'

இன்னும் அரைப் பக்கம் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதப் படிச்சா எங்க மச்சினிக்கே புரிஞ்சிருக்கும். மொதல்லயே இப்படி எழுதறதுக்கு என்னம்மா?"

யுரானி மேசையிலிருந்த தன் பையை எடுத்துக்கொண்டாள்.

தோன்யா நோஹெலியா திரையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"இவ்ளோ நீளமா எழுதாதேன்னா கேக்கவே மாட்டியா? தள்ளு அந்தப் பக்கம். போன தடவை மாதிரி நானே ஒரு வரியா வெட்டிடறேன்."