ஆளுக்கொரு கை

ஜன்னல் வெயில் மஞ்சளாகச் சாய்ந்து, டயாலிசிஸ் அறையின் வெள்ளைப் போர்வைகள் மேல் விழுகிறது. இயந்திரங்கள் ஒரே சீராக முனகுகின்றன. அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருக்கும் பஸ் டிரைவரும் கணக்கு டீச்சரும் சுவரிலிருக்கும் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டெஸ்ட் மேட்சின் கடைசி நாள். எதிரணியின் கடைசி ஜோடி மதியத்திலிருந்து கட்டை போட்டே டிராவை நோக்கி நகர்கிறது. "புதுப் பந்தை எடுத்து வேகமா போடாம, பழசையே உருட்டிக்கிட்டு இருக்கானே!" என்று டிரைவர் பொரிகிறார். "பிட்ச் வெடிச்சுக் கிடக்குண்ணே, ஸ்பின்தான் சரி. ஆனா எல்லாரையும் பவுண்டரிக்குக் காவல் வச்சா கேட்ச்சை யார் பிடிப்பா? பேட்டுக்குப் பக்கத்துல ஒருத்தனை நிறுத்தணும்" என்கிறார் டீச்சர். "ரெண்டு பேருக்கும் பிரஷர் எகிறுது, டிவியை அணைச்சிடுவேன்" என்கிறாள் நர்ஸ். இருவரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். திரையில் கேப்டன் ஒருவனைக் கூப்பிட்டு பேட்டுக்கு அருகே குனிய வைக்கிறான். பந்து திரும்புகிறது, எழும்புகிறது, கையுறையை உரசி, குனிந்தவனின் உள்ளங்கையில் போய் விழுகிறது. நடுவரின் விரல் உயர்கிறது. "நான் சொன்னேன்ல!" டீச்சர் கத்தியே விடுகிறார். "சொன்னீங்கம்மா, அப்படியே சொன்னீங்க!" டிரைவருக்குக் கைதட்டியே ஆக வேண்டும், ஆனால் இடது கையில் ஊசி. டீச்சருக்கு வலது கையில். கட்டில்களுக்கு நடுவே டிரைவர் வலது கையை நீட்ட, டீச்சர் இடது கையால் ஓங்கி அடிக்கிறார். பட்டென்று ஒரு கைதட்டல் எழுகிறது. பிறகு இன்னொன்று, அதன் பிறகு நிறுத்தாமல்.