மதிய நேரத்துச் சுத்தியல் சத்தம்

"உங்க மேல புகார் வந்திருக்கு" என்றார் லொரேத்தோ, தொப்பியைக் கழற்றாமலே.

ரொக்காலூப்பா கிராமத்தின் ஒரே ஊராட்சிக் காவலர் அவர்.

லொரேத்தோ வருவார் என்று ரமீரோவுக்குத் தெரியும். வருவது இதற்காக என்று தெரியாது.

ரமீரோவும் அவன் மனைவி நொயேலியாவும் அர்ஜென்டினாவிலிருந்து வந்தவர்கள். நொயேலியாவின் கொள்ளுத்தாத்தா பிழைப்புத் தேடிக் கப்பலேறியது இந்த மலைக்கிராமத்திலிருந்துதான். இவர்கள் அங்கே கடையை விற்றுவிட்டு, இங்கே கூரை ஒழுகும் ஒரு கல்வீட்டை வாங்கிக் குடிவந்திருந்தார்கள்.

இந்த ஊர்வாசிகள் என்று பதிந்துகொள்ள மனுப் போட்டாயிற்று. உண்மையிலேயே குடியிருக்கிறார்களா என்று லொரேத்தோ சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார். மூன்று தடவை வந்தும் ஆள் இல்லையென்றால் மனு தள்ளுபடி. மறுபடி போட விசாவில் நாள் இல்லை. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்தா நொயேலியா கோயில் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொள்ள வேண்டும்? போன வாரம் முழுக்கக் கீழே நகரத்து ஆஸ்பத்திரி. ரமீரோவும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே. வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்ததே நேற்றுத்தான்.

"யார் புகார் கொடுத்தது?"

"பக்கத்து வீட்டு நிகாந்த்ரோ."

"வேற யாரு" என்றாள் நொயேலியா, மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியபடி. "நான் விழுந்த சத்தத்துல அவர் பூனை பயந்துடுச்சாமா?"

வந்த நாளிலிருந்தே நிகாந்த்ரோவுக்கு இவர்கள் மேல் குறை. துணி காயப்போட்டால் அவருடைய துளசித் தொட்டியில் தண்ணீர் சொட்டுகிறது. காரை நிறுத்தினால் சந்து அடைக்கிறது. கறி சுட்டால் புகை வருகிறது. வாசலில் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, விறுவிறுவென்று போய்விடுவார்.

"மதியம் ஊரே படுக்கிற நேரத்துல சுத்தியலால அடிச்சுக்கிட்டே இருக்கீங்களாம்" என்றார் லொரேத்தோ. "போன வாரம் பூரா. மனுஷன் கண்ணை மூட முடியலயாம். ஊராட்சி ஆபீஸ்ல செயலாளர் முன்னாடி நின்னு கத்தித் தீர்த்துட்டார்."

ரமீரோ எழுந்தே விட்டான். "போன வாரமா? பச்சைப் பொய். போன வாரம் நாங்க..."

"தம்பி, ஒரு காபி கிடைக்குமா?"

ரமீரோ காபிப் பாத்திரத்தை அடுப்பில் ணங்கென்று வைத்தான்.

"இதைக் கேளுங்க. போன வாரம் முழுக்க..."

"சர்க்கரை வேண்டாம்."

"ஐயா, நான் சுத்தியலைத் தொடவே..."

லொரேத்தோ நொயேலியா பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர் எப்பவுமே இப்படித்தானா?"

"கல்யாணத்தன்னிக்குப் பாதிரியாரையே பேச விடல."

லொரேத்தோ காபியை ஒரு வாய் உறிஞ்சினார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்.

"போன வாரம் மூணு தடவை வந்து கதவைத் தட்டினேன். யாரும் திறக்கல. ஆள் இல்லைன்னு எழுதலாம்னு பேனாவை எடுத்துட்டேன். அப்பத்தான் இந்தப் புகார் வந்தது. ஆள் இல்லாத வீட்ல சுத்தியல் சத்தம் எப்படி வரும்? நீங்க அடிச்ச அடியில நான் தட்டினது கேட்டிருக்காது. செயலாளரும் சரின்னுட்டார். நீங்க என்ன சொல்றீங்க?"

ரமீரோ வாயைத் திறந்தான். மேசைக்கு அடியில் நொயேலியாவின் நல்ல கால் அவன் முழங்காலில் ஓர் உதை விட்டது.

"ஆமாங்க" என்றாள் அவள். "நானும் எவ்வளவோ சொன்னேன். கேட்டாத்தானே."

"அப்படி என்னத்த அடிச்சீங்க தம்பி?"

ரமீரோ சுற்றுமுற்றும் பார்த்தான். "அலமாரி..."

லொரேத்தோ வெறும் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா வந்திருக்கு" என்றார்.

எழுந்து தொப்பியைச் சரிசெய்தார். "இன்னையிலருந்து நீங்க இந்த ஊர்க்காரங்க. இனிமே மதியத்துல அடிக்காதீங்க."

அவர் வெளியே போனதும் நொயேலியா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"பாரேன், கெடுக்கணும்னு போய் நமக்கு நல்லது பண்ணிட்டு வந்திருக்கார் அந்த மனுஷன்."

"வேற எவன் வீட்லயோ அடிச்சிருக்கான். பழி போட நாமதான் கிடைச்சோம்" என்றான் ரமீரோ. அலமாரி இல்லாத குறைக்குத் தரையில் நின்ற ஒயின் பாட்டில்களில் ஒன்றை எடுத்தான்.

"எங்க கிளம்பிட்ட?"

"ரொம்ப நன்றின்னு சொல்லிட்டு வரேன். கேட்டதும் அந்த மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும்."

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். பதில் இல்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். நிகாந்த்ரோ இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

முஷ்டியால் இடித்தான். "நிகாந்த்ரோ!" என்று கத்தினான். அவர் திரும்பக்கூட இல்லை.

"எவ்வளவு திமிர் பாருங்க" என்றான், சந்தில் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்த லொரேத்தோவிடம்.

"கையை உடைச்சுக்காதீங்க தம்பி" என்றார் அவர். "கதவு திறந்துதான் இருக்கும். உள்ளே போய் முகத்துக்கு நேரா நின்னு பேசுங்க, உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவார். அவருக்குக் காது கேக்காம போய் பல வருஷம் ஆச்சு."