ஒரு ஆளுக்கு எத்தனை வாட்?

“மெதுவா பேசும்மா! என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா எல்லாம் பாழாயிடும்,” என்று கிசுகிசுத்தார் பெரியவர். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

தெருமுனை ஷெட்டுக்குள் நின்ற பழைய வேனின் கூரையை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தாள் எலெக்ட்ரீஷியன் பெண். உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வந்துவிட்டன. சோலார் மட்டும்தான் பாக்கி.

“எத்தனை பேர் சார் போறீங்க?”

“ஒரே ஆள்தான். முழுசா ஒரு மாசம்!” பெரியவர் சின்னப் பிள்ளை போல ஒரு குதி குதித்தார்.

கட்டிய மனைவியை வீட்டில் விட்டுவிட்டா? அவளுக்குச் சுருக்கென்றது. சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று இறங்கி, வேனுக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டாள்.

“நீங்களும் உள்ள வாங்க சார், உக்காந்து பேசுவோம்.”

“ஐயோ, வேண்டாம்மா. இங்கேயே நிக்கிறேன்.” ஜன்னலுக்கு வெளியே இன்னும் ஓரடி தள்ளி நின்றார். காலையிலிருந்தே இப்படித்தான், மனிதர் வண்டிப் படியில்கூடக் கால் வைக்கவில்லை.

“லைட்டு, ஃபேன், சின்ன ஃபிரிட்ஜ், போன் சார்ஜர். இருநூறு வாட் பேனல் ரெண்டு, ஒரு பேட்டரி. தாராளமா போதும்.”

“ஹேர் டிரையர்?”

அவள் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். பெரியவரின் தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி இல்லை.

“அது ஒண்ணே ஆயிரத்து இருநூறு வாட் இழுக்கும் சார். உங்களுக்கு எதுக்கு?”

“அது இல்லாம முடியவே முடியாதும்மா. இன்னொரு பேனல் போடு. இன்வெர்ட்டரைப் பெருசாப் போடு!” பெரியவர் வெட்கத்தில் நெளிந்தார்.

ஓஹோ, சங்கதி அப்படிப் போகிறதா! ஒரே ஆள் என்றது புளுகு. இந்த வயதில் எவளையோ கூட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போகிறார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஷெட் கதவு கிறீச்சிட்டது. பஸ் டிரைவரின் காக்கிச் சட்டையும், கையில் ‘பணி ஓய்வு வாழ்த்துகள்’ என்ற அட்டையுமாக ஓர் அம்மா நின்றார்.

“உங்க சைக்கிள் வெளிய நிக்குதேன்னு பார்த்தேன். இங்க என்னங்க பண்றீங்க?”

பெரியவர் முகம் வெளிறிப்போனது. ‘நாளைக்குள்ள முடிச்சிடலாம்னு நினைச்சேனே’ என்று முனகினார். எலெக்ட்ரீஷியனால் அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் யாரையோ கூட்டிக்கிட்டு இந்த வேன்ல ஓடப் பாக்குறாரு!”

அந்த அம்மா ஒரு கணம் திகைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“யாரு, இவரா? வேன்லயா? முப்பது வருஷமா நான் பஸ் ஓட்டுறேன், ஒரு ஸ்டாப்கூட என்னோட வந்ததில்ல. ஏறி உக்காந்தாலே வாந்தி எடுப்பாரு!”

சிரித்தபடியே கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தார். ஹேர் டிரையர் என்ற இடத்தில் கண் நின்றது. இடுப்புவரை தொங்கிய பின்னலைக் கை தானாகத் தடவியது. சிரிப்பு அடங்கிவிட்டது.

“ஏங்க... இது எனக்கா?”