நான்கு பட்டதாரிகளும் ஒரு கைநாட்டும்

ஒரு புதிர். ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டி முடிப்பதற்குள் ஓர் ஊரின் பெரிய மனிதர்கள் பட்டதாரிகளாக இருந்து, கைநாட்டாகி, மறுபடியும் பட்டதாரிகளாகிவிட்டார்கள். எப்படி?

யோசித்துக்கொண்டே படியுங்கள்.

ஸ்கூட்டர், கணக்கெடுக்க வந்த அம்மாவுடையது. ஊருக்கு ஒரே பஞ்சர் கடை. அதன் பெஞ்சில் நாலு பெரிய மனிதர்கள், நடுவில் அன்றைய பேப்பர்.

கடைக்காரரின் மகள் தொட்டித் தண்ணீரில் டியூபை அழுத்திக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது முடித்துவிட்டாள். ஊர்ப் பள்ளிக்கூடமும் எட்டாவதோடு சரி. ஒன்பதாவதுக்கு டவுன் பஸ் ஏற வேண்டும். பெண் பிள்ளைகள் அந்த பஸ்ஸில் ஏறக் கூடாது என்று தீர்மானம் போட்டது இதே பெஞ்சுதான்.

"ஆம்பளைங்க படிப்புக் கணக்கு எடுக்கறேன். நீங்க எதுவரைக்கும் சார்?"

"பத்தாவது," என்றார் பால்காரர்.

பால்காரருக்குக் கீழே போக முடியுமா? "பன்னெண்டாவது," என்றார் டிராக்டர்காரர்.

"பி.ஏ.," என்றார் செங்கல் சூளைக்காரர்.

முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் தொண்டையைச் செருமினார். "டபுள் எம்.ஏ."

பால்காரருக்குப் பொறுக்கவில்லை. "அப்புறம் நானும் டிகிரி முடிச்சேன் மேடம். சொல்ல மறந்துட்டேன்." டிராக்டர்காரருக்கும் உடனே ஞாபகம் வந்துவிட்டது.

"பேப்பரெல்லாம் படிப்பீங்களா?"

"ஒரு வரி விடமாட்டோம்!"

அந்த அம்மா பேனாவை மூடினார். "சந்தோஷம். எழுதப் படிக்கத் தெரியாதவங்க அஞ்சு பேர் சேர்ந்தா மாலை வகுப்பு உண்டு. மாலை வகுப்பு நடக்கற ஊருக்குத்தான் புதுக் கட்டடம், ஒன்பதாவது, பத்தாவது எல்லாம். உங்க ஊருக்குத் தேவைப்படாது."

டியூபை அழுத்திய கை நின்றுவிட்டது.

"கட்டடமா?" சூளைக்காரர் எழுந்தே விட்டார். கட்டடம் என்றால் செங்கல் ஆயிற்றே. "மேடம், நான் கைநாட்டு!"

"அந்தச் செங்கல் எந்த டிராக்டர்ல வரும்? நானும் கைநாட்டு!"

"நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினதில்ல," என்றார் பால்காரர்.

"திறப்பு விழாவுக்கு யார் தலைமை?" என்று கேட்டுக்கொண்டே, இரண்டு எம்.ஏ.வையும் ஒரே மூச்சில் துறந்தார் முன்னாள் தலைவர்.

"நல்லது. தினம் சாயங்காலம் சிலேட்டோட வந்து உட்காரணும்."

"சிலேட்டா? ஊர் சிரிக்காதா? மேடம், டபுள் எம்.ஏ.ன்னே எழுதிக்குங்க!"

போன பட்டங்கள் நாலும் திரும்பி வந்தன.

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"எழுதிக்குங்க மேடம், நான் கைநாட்டு," என்றார் பஞ்சர் கடைக்காரர், டயரை மாட்டிக்கொண்டே.

"வயசுப் பிள்ளை முன்னால இப்படியா சொல்றது?" என்று பதறினார் பால்காரர். "வெக்கமா இல்லையாடா தம்பி?"

"இல்லண்ணே. ஆனா தனியா உட்கார்ந்தா தூங்கிடுவேன். நீங்கல்லாம் படிச்சவங்க. நான் ஒழுங்கா படிக்கறேனான்னு கூட வந்து மேற்பார்வை பார்க்கக் கூடாதா?"

மேற்பார்வை! முன்னாள் தலைவரின் முதுகு நிமிர்ந்தது. "ஊருக்காக இதுகூடச் செய்யலேன்னா எப்படிப்பா?"

"மேற்பார்வைக்கும் சிலேட்டு உண்டு," என்றார் அந்த அம்மா, சிரிக்காமல். "அஞ்சு பேரும் கையெழுத்துப் போடுங்க."

பட்டதாரிகள் சட்டைப் பையைத் தடவினார்கள். என்ன அதிசயமோ, நாலு பேருமே மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை. கட்டைவிரலை நீட்டினார்கள்.

பஞ்சர் கடைக்காரரின் விரலுக்கு மை தேவைப்படவில்லை. கிரீஸே போதுமானதாக இருந்தது.

ஊரிலேயே ஒன்பதாவது வகுப்பு தொடங்கிய அன்று, புது டீச்சர் கடைக்காரரின் மகளிடம் கேட்டார்: "அப்பா என்ன படிச்சிருக்கார்?"

மாலை வகுப்பு வருவதற்கு வெகு முன்பிருந்தே, தினமும் காலையில் கண்ணாடியை மறந்துவிட்டு வரும் அந்த நாலு பேருக்கும், ஒரு வரி விடாமல் பேப்பரைப் படித்துச் சொல்வது அப்பாதான். அது அவளுக்குத் தெரியும்.

"கைநாட்டு," என்றாள்.