கட்டில் பங்காளி

தைரியராஜுக்கு உலகத்தில் ஒரே எதிரி பிலோமின்ராஜ்தான். நடுக்கடலில் எண்ணெய்க்குத் துளை போடும் கப்பலில் இருவருக்கும் ஒரே வேலை, ஒரே கட்டில். இவன் பதினாலு நாள் தில்லை நகர் வீட்டில் இருந்தால் அவன் கப்பலில் இருப்பான். அவன் கரையேற வேண்டுமென்றால் இவன் போய்ச் சேர வேண்டும். ஹெலிகாப்டர் வாசலில் முறைத்துக்கொள்வதோடு சரி. ஒவ்வொரு தடவையும் இவனுடைய சோப்பு பாதி கரைந்திருக்கும். போன தடவை பச்சைக் கோடு போட்ட புதுச் சட்டையையே காணோம்.

அன்று அம்மா ஜீயபுரத்திலிருந்து பூரித்துப்போய் வந்தாள்.

"லூர்துராணிக்கு மாப்பிள்ளை முடிவாயிடுச்சுடா. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்காராம். அவங்கம்மாதான் எல்லாம் பேசினாங்க" என்று கலர் போட்டோவை நீட்டினாள்.

தைரியராஜுக்கு முதலில் சட்டைதான் தெரிந்தது. பிறகுதான் முகம்.

"இவனா? என் சட்டையைப் போட்டுக்கிட்டு என் தங்கச்சியவே கேக்குறானா?"

"எனக்குப் பிடிச்சிருக்குண்ணே" என்றாள் லூர்துராணி. "சட்டையும் நல்லாத்தான் இருக்கு."

தங்கை ஆசைப்பட்டபின் என்ன செய்வது? இறங்கி வந்தான்.

"சரி, கல்யாணம் என்னைக்கு?"

"அடுத்த மாசம் பன்னண்டு. நீ லீவுல இருக்குற நாளாப் பாத்துத்தான் குறிச்சேன். சர்ச் சாமியார்கிட்டயும் சொல்லியாச்சு."

தைரியராஜ் தலையில் கைவைத்துக்கொண்டான். "நான் இங்க இருந்தா, அவன் அங்க என் கட்டில்ல தூங்கிக்கிட்டிருப்பாம்மா."

அம்மா கொஞ்ச நேரம்தான் யோசித்தாள்.

"தாலி கட்ட அவருதான்டா வேணும். நீ கப்பலுக்குப் போயிட்டு வா."