எந்த டெவலப்பர்?

"பிலிம் கழுவற மருந்துன்னா தூள் டெவலப்பர்தான். நிதானமா வேலை செய்யும். முகம் பளிச்சுனு தெரியும்" என்றார் அண்ணன்.

"முகத்தை வெச்சு என்ன பண்றது? யார் நெஞ்சு கயித்தை முதல்ல தொட்டுதுன்னுதானே பார்க்கணும்! முப்பத்தஞ்சு வருஷப் பிலிம், ஒரே புகைமூட்டமா இருக்கும். திரவ டெவலப்பர்தான் அதை அடக்கும்" என்றான் தம்பி.

ஞாயிறு தவறாமல் தம்பி அண்ணன் வீட்டுக்கு வருவான். வந்தால் இதே சண்டைதான். பள்ளி மைதானத்தில் இருவரும் போட்டி போட்டு ஓடினார்களே, ஜெயித்தது யார்? கேமராவோடு கோட்டருகில் நின்ற அப்பா, "படம் சொல்லும்" என்றார். படம் சொல்வதற்குள் கேமரா பழுதாகிப் பரணுக்குப் போனது. பிறகு அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது கேமரா கிடைத்தது. உள்ளே கழுவாத ரோல். லேப்காரரைக் கேட்டால், "ரெண்டு டெவலப்பரும் இருக்கு. எதுல போடணும்னு நீங்களே சொல்லுங்க. கெட்டுப்போனா என்னைக் கேட்கக் கூடாது" என்றுவிட்டார்.

அதுவரை விளையாட்டாக இருந்தது, இந்த ஞாயிறு வினையானது.

"தோத்தவன் இனிமே மத்தவன் வாசப்படி மிதிக்கக் கூடாது. சம்மதமா?" என்றார் அண்ணன்.

"சம்மதம். தோத்துட்டு என் வீட்டுப் பக்கம் வந்துடாதே!"

அண்ணி இருவர் முகத்தையும் பார்த்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனாள்.

அரை மணி கழித்து அண்ணன் இறங்கிவந்தார். "சரி, திரவத்துலயே போடு. எதுல போட்டாலும் முன்னால நிக்கிறது நான்தானே!"

"அண்ணி, ரோலைக் கொண்டாங்க. லேப் மூடறதுக்குள்ள கழுவக் குடுத்துடறோம்."

"கழுவியாச்சே!"

பின்கட்டுக் கொடியில், துணிக் கிளிப்பில் நீளமாய்த் தொங்கியது பிலிம். சோப்பு நுரை சொட்டிக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி! கழுவறதுன்னா சோப்புப் போட்டா?"

"நீங்கதானே காலையிலேருந்து கழுவணும், கழுவணும்னீங்க? அழுக்குப் போகத் தேய்ச்சேன்."

தம்பி பிலிமைத் தூக்கிப் பார்த்தான். நீளத்துக்கும் ஒரே மங்கல். ஒரு உருவம்கூட இல்லை. அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். முதலில் தம்பிக்குத்தான் சிரிப்பு வந்தது.

"அண்ணி புண்ணியத்துல தப்பிச்சே போ!"

"தப்பிச்சது நீடா! உன்னை நாலடி பின்னால விட்டேன்."

"நாலடியா? எந்த ஊர்க் கணக்கு?"

சண்டை முதலிலிருந்து ஆரம்பமானது. அண்ணி கைப்பேசியோடு மாடிக்குப் போனாள்.

"லேப்காரர் சாரா? அரை மணி முன்னால கேட்டேனே, அந்த ரோல் வீட்டம்மாதான். வெளிச்சம் பட்டாலே படம் போயிடும்னீங்க, அப்படியே பண்ணிட்டேன். ஆனா சோப்பும் போட்டேன் சார்... அப்பத்தான் தெரியாமப் பண்ணேன்னு எங்க வீட்டு ஆம்பளைங்க நம்புவாங்க!"